அக்கா பேருக்கு வந்த பணம்

கொரட்டூர்
12.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

தேவா எழுதுறேன். மொதல்ல ஒண்ணு, நான் முழுசா இருக்கேன், பயப்படாதே. உனக்குக் கழுத்துல தையல் போட்ட இடம் ஆறிடுச்சா? மாமாவுக்கு ஓசூர் குளிர் ஒத்துக்குதா? தீபிகா புது ஸ்கூலுக்கு அழாம போறாளா?

ஓசூருக்குக் கிளம்பிப் போறப்ப, "ஃபோன்ல என்னால பேச முடியாது, ஃபோனும் மாமாகிட்டதான் இருக்கும், லெட்டர் போடு"ன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தியே, அதான் பேனாவை எடுத்தேன். பேனா புடிச்சுப் பத்து வருஷம் ஆவுது. கோணலா இருந்தா சிரிக்காதே.

நாலாம் தேதி காலைல ஏரித் தண்ணி நம்ம தெருவுக்கு வந்துடுச்சு. எட்டு மணிக்கு வாசப்படி, ஒன்பதுக்குக் கட்டில் கால். பத்து மணிக்கு நான் மாடி வீட்டுப் படியில உக்காந்திருந்தேன். மூணு நாள் கரண்ட் இல்ல. படகுல வந்தவங்ககிட்ட பால் பாக்கெட்டுக்குக் கையை நீட்டினேன்.

உன் தையல் மெஷின், கட்டில், கிரைண்டர் எல்லாம் முங்கிடுச்சு. ஆர்க்கெஸ்ட்ரா சாமானும் நம்ம வீட்லதானே கிடந்துச்சு. பாபுவோட மிக்ஸர், பச்சையப்பண்ணனோட ஆம்ப்ளிஃபயர், என் ரிதம் பேட், மூணும் போச்சு. பேடைக் கவுத்தா உள்ளேருந்து ஒரு சின்ன மீன் விழுந்துச்சு அக்கா, சத்தியமா. ஸ்பீக்கரும், பதினாறு வருஷமா நீ பாடின மைக்கும் மட்டும் பரண்மேல இருந்ததால தப்பிச்சுது.

பாபு வந்து மிக்ஸரைத் தூக்கித் தண்ணியை வடிச்சான். அப்புறம், "பொங்கலுக்கு மூணு எடத்துல அட்வான்ஸ் வாங்கிட்டேன்டா"ன்னான். அவ்வளவுதான்.

நீ வெந்நீர் குடி. பதில் போடு.

உன் தம்பி
தேவா


ஓசூர்
20.12.2023

தம்பி தேவாவுக்கு அக்காவின் ஆசி.

டிவியில கொரட்டூரைக் காட்டும்போதெல்லாம் நம்ம தெரு தெரியுதான்னு பக்கத்துல போய் நின்னு பாத்தேன். உன் லெட்டர் வந்தப்புறம்தான் சாப்பாடு இறங்குச்சு. சாமான் போனா போகட்டும். கால்ல புண்ணு கிண்ணு வந்தா சும்மா விடாதே, ஊசி போட்டுக்க.

என் குரல் அப்படியேதான் இருக்கு. வாயைத் திறந்தா காத்துதான் வருது. காய்கறிக் கடையில தீபிகா விலை கேக்குறா, நான் விரலைக் காட்டுறேன். கட்டியை எடுக்கும்போது குரலுக்குப் போற நரம்பு சோர்ந்துடுச்சு, தானாவும் சரியாகலாம், பயிற்சி எடுத்தா நல்லது, தள்ளிப் போடாதீங்கன்னு டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். இங்க பஸ் ஸ்டாண்டுகிட்ட அந்தப் பயிற்சி குடுக்குற ஒரு அம்மா இருக்காங்க. மொதல்ல பத்து தடவை வரச் சொல்றாங்க. உங்க மாமா, "பேச்சு தானா வந்துடும், இனிமே மேடை ஏறவா போறே"ங்கிறார். கம்பெனி இங்க மாறினதுல அவருக்கும் கை இறுக்கமா இருக்கு. நான் எழுதிக் காட்டிச் சண்டை போடுறதுக்குள்ள அவர் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிடுறார்.

வெள்ள நிவாரணம்னு கார்டுக்கு ஆறாயிரம் தர்றாங்களாமே. அம்மா போனப்புறம் கார்டு என் பேருக்கு மாறிடுச்சு. உன் பேரும் அதுல இருக்கு, நீ போய்க் கைரேகை வெச்சா போதும். உனக்கு ஒரு பாய், தலகாணி, அடுப்பு வாங்கிக்க. மீதியை எனக்கு அனுப்பு. என் பேர்ல வர்ற காசு. யார் முகத்தையும் பாக்காம பயிற்சிக்குப் போய்ட்டு வந்துடுவேன்.

வாங்கிட்டியா? வேற ஒண்ணும் எழுதாட்டியும் அதை எழுது.

அக்கா
பத்மா


கொரட்டூர்
3.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷம் உங்க எல்லாருக்கும் நல்லபடியா இருக்கட்டும். எனக்கு லேசா சளி, வேற ஒண்ணும் இல்ல. வீட்டைக் கழுவிக் கழுவிக் கை தேஞ்சுபோச்சு. செவுத்துல இடுப்பளவுக்கு ஒரு கோடு நிக்குது, சுண்ணாம்பு அடிச்சும் போவல.

நீ கேட்ட பணம். ஒவ்வொரு தெருவா டோக்கன் குடுக்குறாங்க. நம்ம தெருவுக்கு இன்னும் வரல. வந்ததும் எழுதுறேன்.

பாபு வீட்ல நடந்த கூத்தைச் சொல்றேன், கேளு. போன மாசம் என்னையும் பச்சையப்பண்ணனையும் உக்கார வெச்சு, "மாமே, ஊட்டுக்கு ஆறாயிரம் வருது. மூணு ஊட்டுப் பணத்தையும் ஒண்ணாப் போட்டா ரிச்சி தெருவுல செகண்ட் ஹேண்ட் மிக்ஸரும் ஒரு பேடும் தூக்கினு வந்துடலாம். பொங்கல் ப்ரோகிராம்லயே போட்டது திரும்பிடும்"னான்.

பவித்ரா அண்ணி சமையல் ரூம்லேருந்து கரண்டியோட வந்துடுச்சு. "புள்ளைங்க ஈரத்தரையில படுத்துகினு கீதுங்க. உனக்குப் பேடு கேக்குதா? மெத்தை வாங்கத்தான் கவர்மெண்ட் காசு குடுக்குது, மேளம் தட்டுறதுக்கு இல்ல."

"அட, மேளம் தட்டித்தானே உனக்கு மெத்தை வாங்கினேன்?"

"அந்த மெத்தைதான் ஏரியில மெதக்குது, போய்ப் பாரு."

பச்சையப்பண்ணன் தலையைச் சொறிஞ்சுகினே, "பவித்ரா சொல்றது நாயம்தான்பா. ஆனா ஒரு வருஷம் வாசிக்காம ஊட்ல குந்திகினு இருந்தா, மெத்தையில படுத்தா மட்டும் தூக்கம் வருமா?"ன்னாரு. கடைசில அண்ணி பாதிப் பணத்தைப் பாபு கையில குடுத்துச்சு, பாதியை இடுப்புல சொருவிகிச்சு. பச்சையப்பண்ணன் முழுசாப் போட்டாரு.

நான் ஒரு ஓரமா உக்காந்திருந்தேன்.

எப்படியோ சாமான் வந்துடுச்சு. பேடு நல்லா கீது. தட்டினா சத்தம் சுத்தமா விழுது.

தீபிகாவைக் கேட்டதாச் சொல்லு.

தேவா


ஓசூர்
11.1.2024

தம்பி தேவாவுக்கு,

சளிக்கு மிளகு ரசம் வை. ஏனோதானோன்னு விட்டுடாதே, உனக்கு நெஞ்சுல இறங்கிடும். இங்க மூணு பேரும் சுகம்.

பாபு வீட்டுச் சண்டையைப் படிச்சுச் சிரிச்சேன். எனக்குச் சிரிப்பும் சத்தமில்லாமதான் வருது. தீபிகா பாத்துட்டு, "அழறியாம்மா"ன்னு கேட்டா.

போன வாரம் அவ ஸ்கூல்ல அப்பா அம்மாவைக் கூப்பிட்டிருந்தாங்க. மாமாவுக்கு ஷிஃப்ட். நான் போனேன். கணக்கு டீச்சர் என்னென்னவோ கேட்டாங்க. நான் நோட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சேன். பின்னாடி பெரிய வரிசை. அந்த டீச்சர் தீபிகாகிட்ட, "அம்மாவுக்குக் காது கேக்குமா"ன்னு கேட்டாங்க. பிள்ளை தலையைக் குனிஞ்சுகிட்டா. வர்ற வழியில என் கையைப் பிடிக்கல.

பக்கத்து வீட்டு அம்மாவோட தங்கச்சி கொரட்டூருக்குப் பக்கத்துல, பாடியில இருக்காங்க. அவங்க தெருவுக்கும் கொரட்டூருக்கும் கிறிஸ்மசுக்கு முன்னாடியே பணம் குடுத்து முடிச்சுட்டாங்கன்னு சொன்னாங்க. நம்ம தெரு மட்டும் ஏன் நிக்குது? எதுவா இருந்தாலும் எழுது தேவா. நான் உன் அக்கா.

பொங்கலுக்கு யார் பாடுறாங்க?

பத்மா


கொரட்டூர்
20.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் வாழ்த்து, லேட்டா. சளி போயிடுச்சு. நீங்க எல்லாம் நல்லா இருக்கணும்.

ரேஷன் கடையில கேட்டேன். நம்ம கார்டு வேற லிஸ்ட்ல போயிடுச்சாம். மனு எழுதிக் குடுன்னாங்க, குடுத்திருக்கேன். இழுக்கும் போல.

ப்ரோகிராம் மூணும் நல்லபடியா முடிஞ்சுது. லேடீஸ் வாய்ஸ் பாட்டெல்லாம் விட்டுட்டோம். பாபுவே சோலோவா பாடி ஓட்டிட்டான்.

அவசரமா எழுதுறேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல லோடு இறக்குற வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க, போவணும்.

தேவா


ஓசூர்
2.2.2024

தேவாவுக்கு,

எல்லாரும் சுகம். நீயும் சுகமா இரு.

மனு எல்லாம் வேண்டாம். அந்தப் பணத்துக்கு இனிமே யார்கிட்டயும் போய் நிக்காதே. விட்டுடு.

பத்மா


கொரட்டூர்
26.2.2024

அக்கா,

நலமான்னு கேக்க எனக்கு என்ன யோக்யதை இருக்கு. இருந்தாலும் கேக்குறேன். எப்படி இருக்கே?

இந்த லெட்டரை மூணு தடவை கிழிச்சுட்டேன். நேராச் சொல்லிடுறேன். பணம் டிசம்பர் பதினெட்டாம் தேதியே வந்துடுச்சு. நான்தான் கைரேகை வெச்சு வாங்கினேன். டோக்கன், லிஸ்ட், மனு எல்லாம் பொய். பாபு வீட்ல ஓரமா உக்காந்திருந்தேன்னு எழுதினேன் பாரு, உக்காந்திருந்தது நெஜம். ஆனா மொதல் ஆளா சட்டைப் பையிலேருந்து எடுத்துத் தரையில வெச்சது நான்.

அப்ப உன் லெட்டர் வரல. வெள்ளத்துல நின்னவன் நான்தானே, எனக்குத்தானே குடுத்தாங்கன்னு மனசுக்குள்ள ஒரு நாயம் பேசிகினேன். சாமானை வாங்கி ஆட்டோவுல கொண்டாந்து இறக்கின மறுநாள் உன் லெட்டர் வந்துச்சு. வாசல்லயே நின்னு படிச்சேன். அன்னிக்கே பாபுகிட்ட போய், "இது அக்கா வைத்தியத்துக்கு வேணும்"னு சொல்லியிருந்தா அவன் பேடைத் திருப்பிக் குடுத்துட்டு வந்திருப்பான். கடைக்காரன் ஒரு வாரம் டைம் குடுத்திருந்தான். நான் சொல்லல. அந்தப் பேடை ஒரு தடவை மேடையில வாசிச்சுடணும்னு இருந்துச்சு அக்கா. அவ்வளவுதான் காரணம். இதைவிட நல்ல காரணம் தேடிப் பாத்தேன், இல்ல.

தண்ணி வந்த அன்னிக்கும் அப்படித்தான். ஸ்பீக்கரைத்தான் மொதல்ல பரண்ல ஏத்தினேன். உன் மெஷின்கிட்ட வர்றதுக்குள்ள தண்ணி மேல வந்துடுச்சு.

இன்னொண்ணும் இருக்கு. லேடீஸ் வாய்ஸ் பாட்டை விட்டுட்டோம்னு சொன்னதும் பொய். ரோஷினின்னு ஒரு பொண்ணு, திருவேற்காட்டுல ஒரு துணிக்கடையில வேலை பாக்குது. பொங்கல்லேருந்து அதுதான் பாடுது. உன் மைக்லதான்.

நேத்து சென்னீர்குப்பத்துல ஒரு அம்மன் கோயில் தெருவுல ப்ரோகிராம். ஃப்ளெக்ஸ் பழசு, உன் போட்டோதான் அதுல. முத்தம்மாள்னு, வருஷா வருஷம் உனக்குப் புடவை வெச்சுக் குடுப்பாங்களே, அந்த அம்மா மேடைகிட்ட வந்து, "எங்கடா பத்மா? புடவை வாங்கி வெச்சிருக்கேன்"னு கேட்டாங்க. பாபு மைக்ல, "பத்மாக்கா வெளியூர் போயிருக்காங்க, சீக்கிரம் வருவாங்க"ன்னான். சனம் கை தட்டுச்சு. ரோஷினி ஃப்ளெக்ஸைத் திரும்பிப் பாத்துட்டு அடுத்த பாட்டைப் பாடுச்சு. நான் தாளத்தை விட்டுட்டேன் அக்கா. நாலு மாத்திரை சும்மா இருந்தேன். பச்சையப்பண்ணன்தான் இழுத்துகினு போனாரு.

டாக்டர் தள்ளிப் போடாதீங்கன்னு சொன்னாரே. நான் ரெண்டு மாசம் தள்ளிப் போட்டுட்டேன். உன் குரல் வரலன்னா அது என்னாலயா? தெரிஞ்சா சொல்லு.

புடவை என்கிட்ட இருக்கு. பச்சைக் கலர்.

தேவா


ஓசூர்
30.3.2024

தேவாவுக்கு,

இங்க சுகம். பதில் போட ஒரு மாசம் ஆயிடுச்சு. ஆறினப்புறம் எழுதலாம்னு இருந்தேன். முழுசா ஆறல, இருந்தாலும் எழுதுறேன்.

எனக்குத் தெரியும். டிசம்பர் பதினெட்டாம் தேதி மத்தியானமே தெரியும். நீ கைரேகை வெச்சதும் பணம் வழங்கப்பட்டதுன்னு மாமா ஃபோனுக்கு மெசேஜ் வந்துடுச்சு. கார்டோட அவர் நம்பர்தானே சேர்ந்திருக்கு. சாயங்காலம் வந்து ஃபோனை என் முன்னாடி நீட்டினார். "அக்காவும் தம்பியும் சேர்ந்துகிட்டு எனக்குத் தெரியாம வாங்கிக்கிறீங்களா?"ன்னார். எனக்குப் பதில் சொல்லக் குரல் இல்ல. நோட்டுல, "நான்தான் வாங்கிக்கச் சொன்னேன், அவனுக்கு வீட்ல ஒண்ணும் இல்ல"ன்னு எழுதிக் காட்டினேன். அவர் படிச்சுட்டு, "சரி. உன் காசை உன் தம்பிக்குக் குடுத்துட்டே. வைத்தியத்துக்கு என்னைக் கேக்காதே"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார்.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுதான் உனக்கு அந்த லெட்டர் எழுதினேன். "வாங்கிட்டியா"ன்னு கேட்டது தெரிஞ்சுகிட்டுதான். "வாங்கிட்டேன் அக்கா, செலவு பண்ணிட்டேன்"னு ஒரு வரி எழுதியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். ஜனவரியிலயும் கேட்டேன். நீ மனு வரைக்கும் போயிட்டே. இல்லாத மனுவுக்கு நீ அலையுற மாதிரி எழுதினதைப் படிக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதான் விட்டுடுன்னு எழுதினேன்.

காசு போனது வலிச்சுது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பொண்ணு பாடுறதை மறைச்சே பாரு, அதுதான் தாங்கல. நான் பொறாமைப்படுவேன்னு நெனச்சியா? பட்டேன். அந்த லெட்டரைப் படிச்ச அன்னிக்கு முழுசும் பட்டேன். அவ பேரைக்கூட வாய்க்குள்ள சொல்லிப் பாத்தேன், அதுவும் காத்தாத்தான் வந்துச்சு. ஆனா அது நான் படவேண்டிய பொறாமை. அதை மறைக்க நீ யாரு?

பயிற்சிக்குப் போக ஆரம்பிச்சுட்டேன், பிப்ரவரி நடுவுலேருந்து. பக்கத்து வீட்டு அம்மா மெஷினை மத்தியானத்துல இரவல் வாங்கி ரவிக்கை தைக்கிறேன். நாலு ரவிக்கைக்கு ஒரு தடவை போகலாம்.

ஃப்ளெக்ஸ்ல இருக்குற என் போட்டோவை எடுக்கச் சொல்லு.

பத்மா


கொரட்டூர்
12.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி? கண்ணுக்குச் சிரமம் குடுத்து ரொம்பத் தைக்காதே. இங்க வெயில் ஆரம்பிச்சுடுச்சு.

உன் லெட்டரை எடுத்துகினு பாபு வீட்டுக்குப் போனேன். படிக்கக் குடுக்கல, நானே சொன்னேன். பாபு கேட்டுட்டு எழுந்து நின்னான். "டேய், பத்மாக்கா வைத்தியக் காசுன்னு அன்னிக்கே சொல்லிருந்தா நான் தொட்டிருப்பனாடா? என்னையும் திருடனாக்கிட்டியே"ன்னு கத்தினான். பவித்ரா அண்ணி உள்ளே போயி, அன்னிக்கு இடுப்புல சொருவின அந்தப் பாதிப் பணத்தைக் கொண்டாந்து வெச்சுது. மெத்தை வாங்கவே இல்லியாம், புள்ளைங்க ஸ்கூலுக்குன்னு வெச்சிருந்துச்சாம். நான் வாங்கல அக்கா. அதையும் எடுத்தா அப்புறம் நான் மனுஷனே இல்ல. பாபு, சித்திரைத் திருவிழா அட்வான்ஸ்ல என் பங்கை முன்னாடியே குடுத்தான். லோடு வேலைக் கூலியும் சேத்து ஆறாயிரத்தை மணியார்டர் பண்ணிட்டேன். உன் பேருக்கு, உன் கையில குடுக்கச் சொல்லி.

ஃப்ளெக்ஸை இறக்கிட்டோம். ரோஷினி, "அவங்க போட்டோ இருக்கட்டும்ணா, என் பேரைக் கீழே போடுங்க"ன்னுச்சு. அக்கா வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லிட்டேன். அது மூஞ்சி வாடிடுச்சு. அதுகிட்டயும் ஒண்ணும் தப்பு இல்ல.

இன்னொரு வேலை பண்ணினேன். உன்னைக் கேக்காம பண்ணினேன். மாமாவுக்கு ஃபோன் போட்டேன். "அக்கா சொல்லல மாமா, நானா எடுத்தேன், எனக்காக அவ பொய் எழுதிக் காட்டிட்டா"ன்னு சொன்னேன். அந்தப் பக்கம் மெஷின் ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. கடைசில, "நாலு மாசமா அவ சோறு போடும்போது நான் மூஞ்சியைத் திருப்பிகிட்டு சாப்பிட்டேன்டா"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு. நல்லது பண்ணினேனா, கெடுத்துட்டேனா தெரியல.

வாசிக்கிறதை விட்டுடலாம்னு இருக்கேன். எஸ்டேட்லயே முழு நேரம் வரச் சொல்றாங்க. அந்தப் பேடைத் தொட்டாலே உன் ஞாபகம் வருது.

தேவா


ஓசூர்
28.4.2024

தம்பி தேவாவுக்கு,

பணம் வந்துச்சு. போஸ்ட்மேன் பேரைக் கூப்பிட்டதும் நானே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

நீ ஃபோன் பண்ணினதை உங்க மாமா என்கிட்ட சொல்லவே இல்ல. உன் லெட்டரைப் பாத்துதான் தெரியும். மன்னிப்பும் கேக்கல. அவர் கேக்குற ஆளும் இல்ல. ஆனா போன வியாழக்கிழமை ஷிஃப்டை மாத்திக்கிட்டு, "கிளம்பு, நானும் வர்றேன்"னார். பயிற்சி முடியுற வரைக்கும் வெளியில பெஞ்சுல உக்காந்திருந்தார். வர்றப்ப, "உள்ள நீ கத்துறது தெரு வரைக்கும் கேட்டுச்சு"ன்னார். அது கத்துறது இல்ல, 'ஆ'ன்னு இழுக்கச் சொல்றாங்க. ஒன்பது விநாடி இழுத்தேன். பிப்ரவரியில ரெண்டு.

வாசிக்கிறதை விடாதே. நீ விட்டா எனக்கு என்ன வரும்? அந்த மிக்ஸரும் பேடும் என் காசுல வந்தது, பவித்ராவோட பிள்ளைங்க ஈரத்தரையில படுத்ததுல வந்தது. அதை வாசிக்காம மூலையில வெச்சா அதுதான் எனக்குக் கோபம் வரும். உனக்குக் கஷ்டமா இருந்தா கஷ்டத்தோட வாசி.

எனக்குன்னு குடுத்த புடவையை மட்டும் அனுப்பு.

பத்மா


கொரட்டூர்
20.5.2024

அக்கா,

எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.

நேத்து காலைல பதினொரு மணிக்கு ஸ்டேஷன் பக்கம் நின்னுகினு இருந்தேன். புது நம்பர்லேருந்து ஒரு ஃபோன். எடுத்தேன். ஒரு கரகரப்பான குரல், யாரோ வயசானவர் மாதிரி, "தேவா"ன்னுச்சு. ட்ரெயின் வேற வந்துகினு இருந்துச்சு. ஏதோ ப்ரோகிராம் கேக்குறவங்கன்னு நெனச்சு, "சொல்லுங்க சார், யாரு பேசுறது?"ன்னேன். பதில் இல்ல. "யாருங்க?"ன்னு இன்னொரு தடவை கேட்டேன். மறுபடியும், "தேவா." நான், "சரியாக் கேக்கல சார், அப்புறமா கூப்பிடுங்க"ன்னு வெச்சுட்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டும்போதுதான் தோணுச்சு. நம்பரைப் பாத்தேன். கூப்பிட்டேன். யாரோ ஒரு லேடி எடுத்து, "அவங்க கிளம்பிட்டாங்களே"ன்னாங்க. நான் யாருன்னு கேக்கல. அவங்களும் சொல்லல.

அது நீயா? நீ இல்லைன்னு எழுதினா நல்லா இருக்கும். ஆனா நீதான்னு எனக்குத் தெரியும். பதினாறு வருஷம் உன் குரலுக்குத் தாளம் போட்டவன் நான். நீ மூச்சு எடுக்குற எடம் எனக்குத் தெரியும், நீ ஒரு வார்த்தையை எங்க அழுத்துவேன்னு தெரியும். நீ என் பேரைக் கூப்பிட்டப்ப சார்ன்னு சொல்லிட்டேனே அக்கா.

புடவையைப் பார்சல் போட்டுட்டேன்.

தேவா


ஓசூர்
28.5.2024

தம்பி தேவாவுக்கு அக்காவின் ஆசி. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். புடவை வந்துச்சு. பச்சை எனக்குப் பிடிக்காதுன்னு முத்தம்மாள் அம்மாவுக்கு இத்தனை வருஷத்துல தெரியல, ஆனா கட்டிக்கிட்டேன்.

கூப்பிட்டது நான்தான். பயிற்சி குடுக்குற அம்மாவோட ஃபோன். வெளி ஆள் யார்கிட்டயாவது பேசிப் பாருங்கன்னு சொன்னாங்க. உன் நம்பர்தான் மனப்பாடமா இருந்துச்சு. உன் பேரு வந்ததே பெருசுன்னு அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு யோசிக்கல. நீ சார்ன்னதும் அந்த அம்மா சிரிச்சுட்டாங்க. நானும் சிரிக்கலாம்னு பாத்தேன். அப்புறம் அங்கயே உக்காந்து அழுதேன்.

அதுதான் இனிமே என் குரல். பேச்சு இன்னும் கொஞ்சம் தெளியும்ங்கிறாங்க. பாட்டு வராது. போன வாரம் டாக்டரும் சொல்லிட்டார். உங்க மாமா அன்னிக்கு ராத்திரி சாப்பிடல.

உன்னாலயான்னு கேட்டிருந்தே. நான் இத்தனை நாள் அதுக்குப் பதில் போடல. ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா பாட்டு வந்திருக்குமான்னு அந்த அம்மாகிட்ட நானே கேட்டேன். "சொல்ல முடியாதும்மா"ன்னாங்க. அதனால என்னாலயும் சொல்ல முடியாது. உன் மனசு ஆறணும்னு "உன்னால இல்ல"ன்னு எழுதிடலாம். ஆனா நாம ரெண்டு பேரும் இந்த ஆறு மாசத்துல போதுமான அளவுக்குப் பொய் எழுதிட்டோம்.

வர்ற ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு மாமா ஃபோன்லேருந்து கூப்பிடுறேன். ட்ரெயின் சத்தம் இல்லாத இடமாப் பாத்து உக்காரு. எடுத்து ஹலோ சொல்லு, அதுக்கு மேல நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். உன்னை நான் இன்னும் திட்டவே இல்ல தேவா. பேனாவால திட்டினா எனக்கு ஆறல, என் வாயால திட்டணும். நிறைய இருக்கு. மூச்சு வாங்கும், நடுவுல குரல் நின்னு நின்னு வரும், நேரமாகும்.

வெச்சுடாதே.

அக்கா